மூன்று நிறம் மாறி வேலைக்கு

எங்கள் அலுவலகம் ஊரின் தெற்குக் கோடியில் இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மாறப்போகிறது என்று அறிவித்த அன்று மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் அவரவர் கவலையைக் கொட்டினார்கள். ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம், ஒருவருக்கு வாடகை வீடு, எல்லோருக்கும் வழியில் வரும் சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசல். பேசி ஓய்ந்ததும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"மேடம், நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள் பக்கத்து சீட்டுப் பெண். இருபத்தாறு வயது, லிங்கராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"நீ என்ன பண்ணுவியோ அதேதான். வருவேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி வருவேன் என்று எனக்கே தெரியாது.

எனக்கு ஐம்பத்தொரு வயது. ஒன்றரை வயதில் வந்த போலியோ இடது காலைக் கொண்டுபோய்விட்டது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புப் பட்டை வைத்த காலிப்பர் மாட்டுவேன், கக்கத்தில் ஒரு கட்டை. இரண்டும் இருந்தால் சமதரையில் யார் தயவும் இல்லாமல் நடப்பேன். படிகள்தான் என் எதிரி. ஆஸ்பத்திரிகளுக்குக் கருவிகள் விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபோனில் புகார் கேட்பது என் வேலை. பிரஷர் பார்க்கிற மெஷின் தப்பாகக் காட்டுகிறது, கட்டிலின் தலைப்பக்கம் மேலே எழும்ப மாட்டேன் என்கிறது, இந்த மாதிரி. தமிழ், கன்னடம், இங்கிலீஷ், சிவாஜிநகர் உருது என்று நாலு பாஷையிலும் திட்டு வாங்குவேன், நாலிலும் சமாதானம் சொல்வேன். இருபத்திரண்டு வருஷமாக.

அந்த இருபத்திரண்டு வருஷமும் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டவன் என் தம்பி. ஜோகுபாளையத்தில் அவன் குடும்பத்தோடுதான் இருக்கிறேன். அவன் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். காலையில் ஸ்கூட்டரில் என்னைக் கன்டோன்மென்ட் பக்கம் இருந்த அலுவலக வாசலில் இறக்கிவிட்டு அப்புறம்தான் தன் வேலைக்குப் போவான். சாயங்காலம் திரும்ப வந்து நிற்பான். மழையோ பந்த்தோ காய்ச்சலோ அவனை நிறுத்தியதில்லை. இதைவிட நல்ல தம்பி யாருக்கும் கிடைக்க மாட்டான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்த கடைக்குள் நுழைந்து, நினைத்த நேரத்தில் வீடு திரும்பியதில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன் என்று பயந்தேன்.

மெட்ரோ எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஓடுகிறது. தூண் எழுப்பிய காலத்தில் தூசி தின்றவர்கள் நாங்கள். அதில் ஒரே ஒரு தடவை ஏறியிருந்தேன், தம்பி குடும்பத்தோடு, கப்பன் பார்க் வரைக்கும். போக வர அவன் என் முழங்கையை விடவே இல்லை.

அடுத்த வாரம் ஹெச்.ஆர். கூப்பிட்டார். முப்பது வயதுக்காரர், மண்டியாப் பக்கம். கன்னடத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அவ்வளவு தூரம் உங்களால தினமும் வர முடியாது. உங்க மேல இருக்கிற அக்கறையில மேனேஜ்மென்ட் ஒரு முடிவு எடுத்திருக்கு. ஆறு மாசம் வீட்டிலிருந்து வேலை பாருங்க. அப்புறம் கௌரவமா ஒரு செட்டில்மென்ட்."

"இந்த அக்கறையை வேற யாருக்கெல்லாம் காட்டியிருக்கீங்க சார்?"

அவர் சிரித்தார். "உங்க நிலைமை வேற இல்லையா?"

"என் சீட்டுல இருக்கிற ஃபோனும் மத்தவங்க ஃபோனும் ஒண்ணுதானே?"

அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டு எழுந்து வந்திருப்பேன். இவ்வளவு மென்மையாகப் பேசுகிறவரிடம் எங்கே பிடித்து எதிர்ப்பது? டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தேன். பிறகு சொன்னேன்: "வர முடியாதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? நான் போய்ப் பார்த்தேனா, நீங்க போய்ப் பார்த்தீங்களா? முதல்ல வரேன். முடியலன்னா நானே வந்து சொல்றேன்."

அன்று சாப்பிடும்போது வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கு என்ன, நான் பட்டறையில பேசி நேரத்தை மாத்திக்கிறேன்," என்றான் தம்பி. "எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் நானே விட்டுட்டு வரேன்."

அவன் முதுகெலும்பில் தேய்மானம். ஸ்கூட்டரைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை எங்களிடம் மறைத்து, மாத்திரைச் சீட்டு சட்டைப்பையில் கிடந்து மாட்டிக்கொண்டவன்.

"வேணாம். மெட்ரோவுல போறேன்."

"யாரோட?"

"தனியா."

தட்டைத் தள்ளி வைத்தான். "தெருவுல என்ன பேசுவாங்க தெரியுமா? கால் சரியில்லாத அக்காவை ரயில்ல ஏத்திவிட்டுட்டு இவன் ஜாலியா ஸ்கூட்டர்ல போறான்னு பேசுவாங்க."

"பேசறவங்க வந்து தூக்கிட்டா போகப் போறாங்க?" என்றாள் அவன் மனைவி, சாதத்தைப் பிசைந்துகொண்டே. "அண்ணி போகட்டும் விடுங்க. உங்க முதுகுக்கும் நல்லது."

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கக் கிளம்பினேன். வழி எனக்கு மனப்பாடம். அல்சூரில் பர்ப்பிள் லைன் ஏறி மெஜஸ்டிக். அங்கே கிரீன் லைன் மாறி ஆர்.வி. ரோடு. அங்கே யெல்லோ லைன் மாறி எலெக்ட்ரானிக் சிட்டி. கன்னடப் பலகையில் இவற்றுக்கு நேரளே, ஹசிரு, ஹளதி என்று பெயர். நேரளே என்றால் நாவல் பழம். நாக்கில் ஒட்டுகிற நிறம். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

மற்றவர்களுக்குப் பத்து நிமிஷமாகும் நடை எனக்கு இருபத்தைந்து ஆனது. நிலைய வாசலில் கட்டை லேசாக வழுக்க, சுவரைப் பிடித்து நின்றேன். மேலே போக லிஃப்ட். பிளாட்பாரமும் ரயிலும் ஒரே மட்டத்தில் இருந்தன; கட்டையை முதலில் உள்ளே ஊன்றி, உடம்பைப் பின்னால் கொண்டுபோனேன். யாரும் தூக்கவில்லை. உட்கார்ந்ததும் முதலில் என் முழங்கையைத் தடவிப் பார்த்தேன். அதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எம்.ஜி. ரோடு தாண்டி ரயில் பூமிக்குள் இறங்கியபோது கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தேன்.

அறிவிப்பில் "முந்தின நில்தாண" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். கன்னடத்தில் அது அடுத்த நிலையம். எதிரே, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தமிழ்க் குடும்பம் தாங்கள் இறங்க வேண்டிய இடம் போய்விட்டதென்று பதறி எழுந்தது. "உட்காருங்க, இனிமேதான் வரும்," என்றேன். வழி தெரிந்தவளாக நான் இன்னொருவருக்குப் பதில் சொன்ன முதல் தடவை அது.

மெஜஸ்டிக்கில் இறங்கி, பச்சைத் தடத்துக்கு லிஃப்ட் எங்கே என்று திரும்பிப் பார்த்தபோது, ஒரு தூணுக்குப் பின்னால் தெரிந்த சட்டை எனக்குத் தெரிந்த சட்டை. போன கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

"வெளியே வாடா," என்றேன்.

வந்தான். நாற்பத்தாறு வயது ஆள், திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான்.

"எங்கேர்ந்து வர்ற?"

"வீட்டுலேர்ந்து. அடுத்த பெட்டியில இருந்தேன்."

"அல்சூர்ல நான் சறுக்கினதைப் பார்த்தியா?"

"பார்த்தேன். ஓடி வந்துடலாம்னுதான்... அதுக்குள்ள நீ பிடிச்சு நின்னுட்ட."

"சரி, வீட்டுக்குப் போ."

"அக்கா, கிரிகிரி பண்ணாதே, அடம் பிடிக்காதே. இவ்வளவு தூரம் வந்தாச்சு. சும்மா பின்னாடிதானே வரேன்."

"நீ பின்னாடி வந்தா நான் தனியா வந்ததா ஆகாது. நாளைக்கு ஆபீஸ்ல போய் நான் பொய் சொல்லணுமா? போ."

ஜனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். "இத்தனை வருஷம் நான் செஞ்சதெல்லாம் உனக்கு பாரமாத்தான் இருந்துச்சா?" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் முழு உண்மையாகாது. "நீ செஞ்சதாலதான்டா இன்னிக்கு வேலைன்னு ஒண்ணு இருக்கு. அதைக் காப்பாத்தத்தான் போறேன்," என்றேன். அவன் எதிர்ப் பக்கம் போய் அல்சூர் வண்டிக்கு நின்றான். கூப்பிட்டுவிடலாம் போல இருந்தது. கூப்பிடவில்லை. அவன் முதுகு ரயிலுக்குள் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு லிஃப்டுக்குப் போனேன்.

பச்சையில் ஆர்.வி. ரோடு, அங்கிருந்து மஞ்சள். சில்க் போர்டு நெரிசலை மேலிருந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கிடந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி அவனுக்கு ஃபோன் செய்து, "வந்துட்டேன்," என்றேன். "ம்," என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்கப்புறம் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தது வேலை நாளுக்கு உதவாது என்பது புது அலுவலகத்தின் முதல் நாளன்றே தெரிந்தது. மெஜஸ்டிக் லிஃப்ட் முன்னால் ஒரு வரிசை. முதுகில் பை மாட்டிய, இரண்டு காலும் நன்றாக இருக்கிற இளவட்டங்கள். கதவு திறந்தது, எல்லோரும் புகுந்தார்கள், எனக்கு இடமில்லை. மூடியது. இரண்டாவது தடவையும் அப்படியே. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கையில் ஃபோன் இருந்தது. மூன்றாவது தடவை கதவு மூடப்போகும்போது கட்டையை நடுவில் நீட்டினேன். கதவு இடித்துத் திரும்பத் திறந்தது.

"ரெண்டு பேர் இளீரி," என்றேன். இறங்குங்கள் என்று.

"நெக்ஸ்ட் டைம் வாங்க ஆன்ட்டி," என்றது ஒரு குரல்.

"ரெண்டு நெக்ஸ்ட் டைம் ஆச்சு. அந்தப் பக்கம் எஸ்கலேட்டர் இருக்கு. அது உங்களுக்கு. இது எனக்கு. இறங்கற வரைக்கும் கட்டையை எடுக்க மாட்டேன்."

லிஃப்ட் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. பொது இடத்தில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. ஒரு பெண் இறங்கினாள். அவளைப் பார்த்து ஒருவன். அப்புறம் எல்லோருமே இறங்கிவிட்டார்கள். அவ்வளவு பெரிய லிஃப்டில் நான் ஒருத்தி மட்டும் கீழே போனேன். அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் நன்றாகவும் இருந்தது. இப்போதும் வாரத்தில் ஒரு நாளாவது கட்டையை நீட்ட வேண்டி வருகிறது. முகம் தெரிந்த சிலர் என்னைக் கண்டதும் தாங்களாகவே எஸ்கலேட்டர் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள்.

மூன்று தடம் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது புது அலுவலக வாசலில் நின்றேன். அங்கே ஐந்து படிகள். கறுப்புக் கிரானைட், பளபளவென்று. கைப்பிடி இல்லை.

மேலேயிருந்து ஹெச்.ஆர். ஓடி வந்தார். நான் வந்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். "பரவாயில்லை மேடம், பின்பக்கம் சரக்கு ஏத்தற லிஃப்ட் இருக்கு. செக்யூரிட்டி ஷட்டரைத் திறந்து விடுவார். இல்லன்னா ரெண்டு பேரா தூக்கிடலாம்."

படி ஏற எனக்கு வழி தெரியும். பின்புறமாகத் திரும்பி உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக உடம்பை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் அப்படித்தான் ஏறினேன். பாவாடையின் பின்பக்கம் எப்போதும் மண்ணாக இருக்கும். ஐம்பத்தொரு வயதில் நான் வேலை செய்கிற இடத்துக்குள் அப்படிப் போக மாட்டேன். மூட்டை போகிற வழியிலும் போக மாட்டேன்.

"முன் வாசல் வழியாத்தான் சார் வருவேன்," என்றேன். "ஒரு சரிவுப் பாதை போடுங்க. அது வரைக்கும் இங்கேயே வேலை பார்க்கிறேன்."

முதல் படியில் உட்கார்ந்து காலிப்பரின் பூட்டைத் தளர்த்தி காலை மடக்கினேன். பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். என் லேப்டாப்பையும் ஹெட்செட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "வெயில் வரும் மேடம்," என்று தன் குடையையும் வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது மணிக்கு முதல் ஃபோனை எடுத்தேன்.

அன்று முழுக்க என்னைத் தாண்டித்தான் எல்லோரும் ஏறினார்கள், இறங்கினார்கள். இரண்டாம் நாள் கம்பெனி முதலாளி வந்தார். காரிலிருந்து இறங்கி என் எதிரே நின்றார்.

"என்னம்மா இது, தர்ணாவா?"

"ஒரு நிமிஷம் சார், ஓசூர் ஆஸ்பத்திரி லைன்ல இருக்கு." அந்த நர்ஸுக்குக் கட்டிலின் எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். முடித்துவிட்டுச் சொன்னேன், "தர்ணா இல்ல சார். வேலை."

"பின்னாடி கூட்ஸ் லிஃப்ட் இருக்கில்ல?"

"நான் கூட்ஸ் இல்ல சார்."

அவருக்கு முகம் சிவந்தது. வேலை போய்விடும் என்று தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நம்ம கம்பெனி ஆஸ்பத்திரிக்கு வீல்சேர் விக்குது. அதுல ஒண்ணுகூட நம்ம வாசல்ல ஏறாது. அதை மட்டும் கொஞ்சம் யோசிங்க."

அவர் மேலே போய்விட்டார். படியில் உட்கார்ந்த நாளெல்லாம் காலையில் கிளம்பியதிலிருந்து தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்தேன். கழிவறை மேலேதானே இருந்தது. மத்தியானம் பக்கத்து மருந்துக்கடை அம்மா தன் கடைக்குள் இருந்ததைத் திறந்துவிட்டாள். அந்தத் தாகத்தையும் முதுகு வலியையும் இங்கே எழுதி வைப்பது, பிடிவாதம் சுலபமாக வந்ததென்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

நான்காம் நாள் காலை படிகளின் மேல் ஒரு இரும்புத் தகடு சாய்த்துப் போட்டிருந்தது. கட்டையை ஊன்றியதும் வழுக்கியது. சுவர்மாதிரி நின்ற சரிவு.

"இது ஆகாது சார்."

"இப்பதானே மேடம் போட்டோம்," என்றார் ஹெச்.ஆர்., அலுத்துப்போய்.

"என் கட்டையை வச்சுக்கிட்டு, ஒரு காலை ஊன்றாம நீங்க ஒரு தடவை ஏறிக் காட்டுங்க."

செக்யூரிட்டி சிரித்தார். ஹெச்.ஆருக்கு ரோஷம் வந்துவிட்டது. கட்டையை வாங்கிக் கக்கத்தில் வைத்து, இடது காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு தாவு தாவினார். மூன்றாவதில் சறுக்கிச் சுவரைக் கட்டிக்கொண்டார். கட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "கை இவ்வளவு வலிக்குமா?" என்று கேட்டார். "தினமும்," என்றேன். அதுவரை படியிலேயே வேலை பார்த்தேன். அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். நீளமான, சொரசொரப்பான சிமெண்ட் சரிவு, பக்கத்தில் குழாய்க் கைப்பிடி. அதில் நடந்து முன் வாசல் வழியாக உள்ளே போய், லிஃப்டில் இரண்டாவது மாடி ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன்.

தம்பி பேச ஆரம்பித்தது அதே வாரம்தான். தானாக வந்து, "மஞ்சள்ல உட்கார இடம் கிடைக்குதா?" என்று கேட்டான். சில நாள் கிடைக்கும், சில நாள் கேட்டு வாங்குவேன் என்றேன். அன்று எனக்கு லீவு; கட்டையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். சாயங்காலம் அடியில் அகலமான ஸ்டீல் வளையம் கடைந்து, தடித்த ரப்பர் பொருத்திக் கொண்டுவந்தான். "கிரானைட்ல சறுக்காது," என்றான். அவ்வளவுதான். இப்போது அவன் ஸ்கூட்டரைத் தெருமுனைக் கடைக்கு மட்டும்தான் எடுக்கிறான்.

போன மாதம் ஹெச்.ஆர். சிரித்த முகத்தோடு என் சீட்டுக்கு வந்தார். கம்பெனியின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு, சரிவுப் பாதையில் நான் நிற்பதுபோல் ஒரு போட்டோ வேண்டுமாம். கீழே நாலு வரி: மூன்று மெட்ரோ மாறி வரும் தைரியசாலி, மற்றவர்களுக்கு ஓர் உந்துதல்.

"போட்டோ வேணாம் சார். வாங்க, ஒண்ணு காட்டறேன்," என்று எழுந்தேன்.

இரண்டாவது மாடிப் பெண்கள் கழிவறைக்கு வெளியே அவரை நிறுத்தினேன். கதவு குறுகல். கட்டையோடு நேராக நுழைய முடியாது. ஒவ்வொரு முறையும் கட்டையை வெளியே சாய்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் உள்ளே போகிறேன்.

"இதை அளந்து எழுதிக்குங்க," என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டேப் கொண்டுவரச் சொல்லிக் கீழே ஃபோன் செய்தார். கதவு இன்னும் மாறவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் மேஜைக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் என் முதல் ஃபோனை எடுக்கிறேன்.